துடைத்துத் தந்த மைக்

கத்தினால் அது பாட்டாகிவிடும் என்று நம்பிய முட்டாள் நான். தொண்ணூறுகளில் கோவையில் நாங்கள் நாலு பேர் தொடங்கிய பங்க்-பாப் மேற்கத்திய இசைக்குழுவுக்கு முதல் மேடை, காரமடையில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் செட்காரர் ஒல்லியான மனிதர். யார் பேச வந்தாலும் மைக்கைத் தோள்துண்டால் துடைத்துத்தான் கொடுப்பார்.

இரண்டாவது பாட்டிலேயே என் குரல் உடைந்தது. கூட்டம் சிரித்தது. "மைக் சரியில்லைங்க," என்று மைக்கிலேயே சொல்லித் தப்பித்தேன்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் செட்காரரிடம், "அப்ப எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு வேற செட் பாத்துக்கறனுங்க," என்றார்.

மேடையிலிருந்து இறங்கிப் போய் செட்காரரின் காதோரம், "மன்னிச்சுக்குங்கண்ணா, மைக் நல்லாத்தான் இருக்குது. என் தொண்டைதான் சரியில்ல," என்றேன்.

அவர் மைக்கைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"அதையும் இதுலயே சொல்லிப்போடுங்க."