மோட்டார் ஷெட்டில் ஒரு தேன்சிட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பீளமேட்டில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டித் தகரம் போட்ட மோட்டார் ஷெட், அதைச் சுற்றி நான் வைத்து வளர்த்த தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, கருவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி, அவ்வளவுதான். ஆனால் மாசி பிறந்து முருங்கை பூத்துவிட்டால் அந்த நாலு செடிக்கு வந்து போகிற கூட்டத்தைப் பார்க்க எனக்கு ஒரு பகல் போதாது.

நான் விலங்கியலில் பி.எஸ்ஸி., அதுவும் முதல் வகுப்பு. வாழ்க்கைப்பட்டதோ பம்பு செட் தயாரிக்கிற வீட்டில். என் கணவர் சாப்பிடும்போதுகூடப் பேரிங், இம்பெல்லர் என்றுதான் பேசுவார். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அச்சடித்ததோடு என் படிப்பின் வேலை அங்கே முடிந்துவிட்டது. அந்த ஆத்திரத்தையெல்லாம் தோட்டத்தில்தான் தீர்த்துக்கொண்டேன். கருவேப்பிலை இலையில் காக்காய் எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை மாமியார் தட்டிவிடப் போனால் ஓடிப்போய்த் தடுப்பேன். சில நாளில் அது பச்சையாக மாறும், பிறகு கூட்டுக்குள் போகும், பிறகு கறுப்புப் பட்டாம்பூச்சியாக வெளியே வரும். துணிக்கொடி மூங்கிலில் கருவண்டு அளவெடுத்தது போல வட்டமாக ஓட்டை போடும். "தாளிக்க வெச்ச எலையப் பூச்சிக்குக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கறா" என்று மாமியார் அலுத்துக்கொள்வார்.

அந்த வருஷம் தை மாதத்தில் எங்கள் கிணற்று மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிட்டது. அதைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள், போனதுதான். கோடைக்கு முந்திய மாதங்களில் பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிற குடும்பத்தில் மாமியாரும் நானும் கயிறு போட்டுத் தண்ணீர் சேந்தினோம். "வெளிய சொல்லிப்போடாதே கண்ணு, சிரிப்பாங்க" என்றார் மாமியார்.

மோட்டாரைக் கழற்றியதில் பழைய ஒயர் மட்டும் தகரக் கூரையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு கிடந்தது. அந்த ஒயரில்தான் தேன்சிட்டு கூடு கட்டியது. கட்டியது முழுக்கப் பெண் குருவி. சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, பட்டறையில் எண்ணெய் துடைத்துப் போட்ட பஞ்சு எல்லாம் அது கொண்டுவந்து சேர்த்ததுதான். நீலமும் கறுப்புமாக மின்னிக்கொண்டு ஆண் குருவி கம்பத்தில் உட்கார்ந்து கத்தும், புது மாப்பிள்ளை போல. நான் வாளியை இறக்குவதும் ஏற்றுவதுமாக எல்லாவற்றையும் பார்த்தேன். பங்குனித் தொடக்கத்தில் கூட்டின் வாசலில் இரண்டு குட்டி அலகுகள் தெரிந்தன.

அந்த வாரம் பார்த்து என் கணவர் புது மோட்டாரோடு வந்தார். அவரே யோசித்து வடிவமைத்த புது மாடல். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு டீலர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவருக்கு நம் கிணற்றிலேயே ஓட்டிக் காட்டப் போகிறேன் என்றார். நான் கூட்டைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "கூடு ஆடக் கூடாது, அவ்ளோதானே அம்மணி?" என்றார். புது ஒயரை வேறு பக்கமாக இழுத்தார். மோட்டாருக்கு அடியில் தடி ரப்பர் வைத்தார், பைப்பைச் சுவரோடு இறுக்கினார். பிறகு விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த டம்ளரைப் பைப்பின் மேல் வைத்து மோட்டாரை ஒரு நொடி ஓட்டி நிறுத்தினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நானும் அந்த டம்ளரை நம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை டீலர் வந்தார். தென்னந்தோப்பும் கடையும் வைத்திருக்கிற கனத்த மனிதர். ஷெட்டின் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மோட்டார் ஓடியது, தொட்டியில் தண்ணீர் கொட்டியது. அவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள், நான் கூட்டைப் பார்த்தேன். கூடு ஆடவேயில்லை. ஆனால் தாய்க் குருவி வாயில் சிலந்தியோடு கிணற்றுத் தூண் வரை வந்தது, சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை தீனி கொடுத்துக்கொண்டிருந்த குருவி அரை மணி நேரமாகக் கூட்டை நெருங்கவில்லை. முதலில் நீண்டு நீண்டு கேட்ட அலகுகள் பிறகு வெளியே தெரியவேயில்லை. ஆட்டத்தை நிறுத்திய பம்புக்காரர்கள் சத்தத்தை மறந்துவிட்டோம். அவரைவிட என் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. படித்தவள் நான்தானே.

எழுந்து போய் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

"கரண்ட் போயிருச்சுங்களா?" என்றார் டீலர்.

"இல்லீங்க, நான்தான் நிறுத்திப்போட்டேன்" என்றேன். கணவரின் முகம் இறுகியது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. "எல்லாரும் கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் வாங்க. பத்து நிமிசத்துல தாய் வந்துரும். வர்லீன்னா இனி இந்த மாதிரி நான் எதுவும் பேசலை."

பத்து நிமிடம் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொன்னதில்லை. நானாகச் சொன்னதுதான். அது பொய்த்தால் இரண்டு குஞ்சும் போகும், அந்த வீட்டில் என் பேச்சுக்கு மரியாதையும் போகும்.

கணவர் டீலர் பக்கம் திரும்பினார். "எங்க ஊட்டுல ஜூவாலஜி படிச்சவங்க. இதுல அவங்க சொல்றதுதானுங்க" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு கொய்யா மரத்துக்குப் பின்னால் போனார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் என் படிப்பை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மூன்று பேரும் மரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தாய் தூணுக்கு வந்தது. தகரத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கூட்டின் வாசலைப் பற்றிக்கொண்டது. இரண்டு அலகும் வெளியே வந்தன.

"எட்டு நிமிசம்" என்றார் கணவர். கையில் வாட்சைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டீலர் மோட்டாரை மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. ஓடின மட்டும் போதும் என்று அதே மாடலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒன்பது நாள் கயிற்றில்தான் தண்ணீர். அதில் பாதி வாளி கணவர் இழுத்தது. பத்தாம் நாள் காலையில் கூடு காலியாக இருந்தது. குஞ்சுகள் இரண்டும் செம்பருத்திக் கிளையில் உட்கார்ந்து இன்னும் தீனி கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த மாசியில் ஒரு நாள் முன்னறையில் போன் அடித்தது. அந்த வீட்டில் போன் என்றாலே அவருக்குத்தான். கணவர் எடுத்தார், ஆர்டர் என்று நினைத்து நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரை என் பக்கம் நீட்டி, "உனக்குத்தான்" என்றார்.

உடுமலை டீலர்தான். "அம்மணி, தோப்பு மோட்டார் ரூம்புல ஒரு சிட்டு கூடு கட்டிப்போட்டுதுங்க. மோட்டாரை நிறுத்தி வெச்சிருக்கறேன். எத்தனை நாளைக்கு நிறுத்தோணுமுங்க?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உள்ள இருக்கறது முட்டையா குஞ்சா, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றேன்.