தச்சூர் வரை தள்ளிக்கொண்டு வந்தவர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முதல் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பொன்னேரிக்கு என் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். கவரைப்பேட்டையைத் தாண்டியதும் செயின் அறுந்தது. எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை.

2. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் நடந்துபோனேன். லாரி எதுவும் ஏறுவதற்குள் செயினைப் பொறுக்கி டிபன் பையில் போட்டேன். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் லாக் எங்கோ தெறித்துப் போயிருந்தது. தேடியும் கிடைக்கவில்லை.

3. இன்சூரன்ஸோடு சேர்ந்து வந்த சாலை உதவி எண்ணுக்கு போன் செய்தேன். பேசிய பெண் லேண்ட்மார்க் கேட்டாள். ஒரு கண்டெய்னர் லாரி நிற்கிறது என்றேன். "மேடம், அது போய்டுமே" என்றாள். நியாயம்தான். இழுவை வேன் மாதவரத்திலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றாள்.

4. கணவருக்கு போன் செய்தேன். அவரும் சிப்காட்டில்தான், வேறொரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. பாதி வேலையில் விட்டுவிட்டு வர முடியாது என்றார். "அங்கியே நில்லு, ஆள் அனுப்புறேன்."

5. அவர் அனுப்பியது அவருடைய நண்பரை.

ஐந்தாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். எனக்கு அந்த நண்பர் மேல் பொறாமை. கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறது. வேறு பெண் யாராவது இருந்தால் இந்தப் பொறாமைக்கு ஒரு மரியாதையாவது இருக்கும், சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். பழவேற்காட்டில் நண்டு வியாபாரம் செய்கிற, லேசாகத் தொப்பை விழுந்த, என்னை வாய் நிறைய "தங்கச்சி" என்று கூப்பிடுகிற ஒரு மனிதர் மேல் பொறாமை என்று யாரிடம் சொல்ல முடியும்?

இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்ச். ஒரே கம்பெனியில் சேர்ந்தார்கள். பிறகு நண்பர் வேலையை விட்டுவிட்டு வீட்டு வியாபாரத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகுதான் பேச்சு அதிகமானது என்று நினைக்கிறேன். என் கணவர் என்னிடம் போனில் பேசினால் "சரி", "ஆமா", "வாங்கியாந்துட்டேன்". நண்பரிடம் பேசினால் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து சிரிப்பு மட்டும் கீழே இறங்கி வரும். என் காரக்குழம்பில் புளி கூடிப்போகிறது என்பதே எனக்கு நண்பரின் மனைவி சொல்லித்தான் தெரியும். அதாவது கணவர் நண்பரிடம் சொல்லி, நண்பர் மனைவியிடம் சொல்லி, மனைவி என்னிடம். சாப்பாட்டு மேசையிலிருந்து என் சமையலறைக்கு வர அந்தச் செய்தி பழவேற்காடு போய்த் திரும்பியிருக்கிறது.

அன்று நண்பர் கும்மிடிப்பூண்டியில் நண்டு இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். பைக்கின் பின் சீட்டில் காலித் தெர்மாகோல் பெட்டி. வண்டி நிற்பதற்கு முன்பே வாடை வந்து நின்றது.

"இன்னா தங்கச்சி, செயினா?"

"ஆமாண்ணா. லாக் போச்சு. வேன் வருது, நீங்க கெளம்புங்க."

"எந்த வேன்? அவன் வந்து, வண்டிய ஏத்தி, கயிறு கட்டி, உன்ன டிரைவர் பக்கத்துல குந்த வச்சி... எதுக்கு அந்தப் பேஜாரு? கால் வச்சித் தள்ளிக்கினு போய்டலாம். தச்சூர்ல நம்ம மெக்கானிக் கீறான்."

எங்கள் பக்கத்தில் பைக் நின்றுவிட்டால் இதுதான் வழக்கம். பின்னால் வருகிறவர் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, நின்றுபோன வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். ஆண்களுக்கு முன்பின் தெரியாதவர்கூடச் செய்துவிட்டுப் போவார். நான் அங்கே நின்ற நேரத்தில் வேகம் குறைத்த எல்லோரும், "வேணும்னா ஏறிக்கோங்க, எறக்கி உடுறோம்" என்றுதான் கேட்டார்கள். என் வண்டிக்குக் கால் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இவருக்குத் தோன்றியது. அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

"நேரா பாத்துக்கினு போ. என்னத் திரும்பிப் பாக்காத. பிரேக்க மட்டும் திடீர்னு புடிக்காத, புடிச்சா நான் மல்லாக்கப் போய்டுவேன். நண்டு வாங்கறவன்லாம் அழுவான்."

அவர் லாரிகள் போகிற வலது பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டார். இடது கால் என் வண்டிக்கு வந்துவிட்டதால் அவரால் கியர் மாற்ற முடியாது. இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தார். அந்த வேகத்தில் நெடுஞ்சாலையே வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாளில் நான் பார்த்தேயிராத கடைகளின் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. பேச்சும் கேட்டது, அவர் என் காதுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பேசுவது போல.

"வண்டிய நல்லா புடிக்கிற. உம் புருசன தள்ளிக்கினு போனா பாம்பு மாதிரி போவான்."

சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"ஓசூருக்குப் போய்ட்டா யாரு இப்டி வந்து தள்ளுவா உன்ன? அங்க ஃபுல்லா மேடாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். ஹேண்டில்பாரை நேராகப் பிடித்துக்கொண்டு, எந்த ஓசூர், யாருக்கு ஓசூர் என்று யோசித்தேன். எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

"ஆமாண்ணா" என்றேன்.

"சொல்லிட்டானா? அப்பாடா. நேத்து எங்க ஊட்ல வந்து குந்திக்கினு அழுவுறான், மச்சி, ஓசூர்ல வேல கெடச்சிடிச்சி, அவகிட்ட எப்டிடா கேக்கறதுன்னு. அவளுக்கு இப்பதான் பெர்மனன்ட் ஆச்சு, மெயின்டனன்ஸ்ல ஒரே பொண்ணு, அத்த உட்டுட்டு வான்னு எந்த வாயால கேக்கறதுங்கறான். நான் சொன்னேன், டேய், தங்கச்சி உன்ன மாதிரி இல்ல, அது கணக்கா யோசிக்கும், போய்க் கேளுன்னு. கேட்டுட்டான்ல?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"யோசிக்கறேன்னு சொன்னேன்."

"அதான் கரெக்ட்டு" என்றார் மிகுந்த திருப்தியோடு.

தச்சூர் கூட்டுச்சாலை வரை மற்றவை நல்லபடியாகவே நடந்தன. மெக்கானிக் கடையில் என் செயினைப் பையிலிருந்து எடுத்தபோது அதில் எலுமிச்சைச் சாதம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து நண்பர் வெகு நேரம் சிரித்தார். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். கால் வைத்த ஃபுட்ரெஸ்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கணவருக்கு போன் போட்டு, "டேய், உன் சொத்த சேத்துட்டேன்டா" என்றார். மறுமுனையில் அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது. மொட்டைமாடிச் சிரிப்பு. இப்போது அது என் பக்கத்திலேயே நின்று கேட்டது. ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டேன்.

நிலைமையை வீடு வரும் வழியிலேயே பிரித்துப் பார்த்தேன். ஓசூர் ஒரு விஷயம். வேலை ஒரு விஷயம். இரண்டையும் பேசித் தீர்க்கலாம். ஆனால் என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட டாக்டர் சொன்னதையெல்லாம் என்னிடம் நிதானமாகத்தான் சொன்னார். அந்த அழுகை பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதில்தான் வந்து முட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்து ஷூவைக் கழற்றும்போது கேட்டேன்.

"ஓசூர்ல என்னைக்கு சேரச் சொல்லியிருக்காங்க?"

ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றார். "அவன் சொல்லிட்டானா?"

"எனக்குத் தெரியும்னு நெனச்சிச் சொன்னாரு. அவரத் திட்டாதீங்க."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"நீங்க எங்கிட்ட கேட்டதாவும், நான் யோசிக்கறேன்னு சொன்னதாவும் அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். மாத்திச் சொல்லிடாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இன்னொரு ஷூவைப் பார்த்தே பேசினார்.

"அவன்கிட்ட சொன்னா அது சும்மா பேச்சு. இன்னாடா, ஓசூரா, குளிருமேடாம்பான். டீ சாப்டுவோம். உங்கிட்ட சொன்னா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆரம்பிச்சிடுவ. நாலு வர்றதுக்குள்ள முடிவாயிடும். கொஞ்ச நாளைக்கு முடிவு இல்லாம இருக்கலாம்னு பாத்தேன்."

அவர் சொன்னது உண்மை. நான் அப்படித்தான் ஆரம்பித்திருப்பேன். உண்மையாக இருந்ததால் பொறாமை குறையவில்லை, கூடியது. ரகசியத்தைக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நண்பருக்குக் கொடுப்பது குழப்பத்தை. எனக்குக் கொடுப்பது அது தெளிந்தபிறகு கிடைக்கும் முடிவை. எனக்கும் அந்தக் குழப்பம்தான் வேண்டியிருந்தது.

"அழுதீங்களாமே."

"அதையுமா சொன்னான்! இல்ல, அவங்க ஊட்ல வெங்காயம் வெட்டிக்கினு இருந்தாங்க."

"என் முன்னாடி அழுங்க."

"இப்பவா?"

"ஆமா."

உண்மையாகவே முயற்சி செய்தார். கண்ணைச் சுருக்கினார், மூக்கை உறிஞ்சினார். "வர மாட்டேங்குது" என்றார் கவலையோடு. அப்போதுதான் நான் சிரித்தேன். சிரித்துவிட்டதால் கோபமெல்லாம் போனது என்று அவர் எடுத்துக்கொண்டு டீ போடப் போனார். கோபம் போகவில்லை. ஆனால் அந்த டீயோடு உட்கார்ந்து, எண் எதுவும் போடாமல், அவர் முன்னும் பின்னுமாகச் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை. ஓசூரின் டூல் ரூமில் அவர் ஆசைப்பட்ட மெஷின் இருக்கிறது. என் வேலையை விடச் சொல்ல அவருக்கு மனமில்லை. தனியாகப் போகவும் பயம். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார். கடைசியில் நான்தான் கேட்டேன்:

"நீங்க போங்க. நான் வரல. அப்டி இருந்தா எப்டி இருக்கும்?"

"நீ கோவத்துல சொல்றியா?"

"கோவமும் இருக்குது. ஆனா வேலைய உட மாட்டேன், அது கோவம் இல்ல."

அவர் அடுத்த மாதம் சேர்ந்தார். இப்போது ஓசூரில் இன்னும் இருவரோடு ஒரு அறையில் இருக்கிறார். நான் பொன்னேரியில், அதே வீட்டில், அதே வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமை இரவு வருகிறார், ஞாயிறு இரவு பஸ் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பழவேற்காட்டுக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன். அங்கே அவர்கள் பேசிக்கொள்வதில் பாதி எனக்கு முன்பே தெரிந்ததாக இருக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் பொறாமைப்படுகிறேன்.