கோடிப் புடவைக்கு ஏது தள்ளுபடி

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் எங்கள் சொந்தத்தில் முதலில் என்னைத்தான் கடைக்குக் கூப்பிடுவார்கள். விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி, அடியில் பழைய விலை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் எடுப்பதில்லை. "இவ கூட வந்தா கடைக்காரன் கல்லாவ பூட்டிக்கினு ஓடுவான்" என்று பாகூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவர் ஓர் ஆடி மாதத்தில் இறந்துபோனார். கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அவள் மேல் போர்த்த வேண்டும். அம்மா இல்லை, நானும் தம்பியும்தான் இப்போது பிறந்த வீடு. அந்தப் புடவையைப் புகுந்த வீட்டுப் பெண்கள் புரட்டிப் பார்ப்பார்கள். இனி இவளுக்காகப் பேச ஆள் இருக்கிறதா என்று அதை வைத்தே முடிவுகட்டுவார்கள். எனக்கோ அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சாவு விழுந்த நாளிலிருந்து அக்கா அழவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை.

எங்கள் ஊரான உறுவையாற்றிலிருந்து தம்பியின் வண்டியில் வில்லியனூர் போனோம். கடை வாசலிலேயே ஐம்பதுடன் இருபது சதவீதம் தள்ளுபடி என்று பலகை.

"எழுவது போவுதுக்கா" என்றான் தம்பி.

"போவாது. ஆயிரத்துல பாதி ஐநூறு. அந்த ஐநூறுலதான் இருவது, நூறு ரூபா. நானூறு குடுக்கணும். அறுவதுதான்."

வாய் தானாகக் கணக்குப் போட்டது. எதற்கு வந்திருக்கிறோம் என்று நினைத்ததும் எனக்கே கூசியது.

உள்ளே அவன் இன்னொரு பலகையைக் காட்டினான். இரண்டாயிரம் ரூபாய்ப் புடவை ஒன்று வாங்கினால் அதே விலையில் இன்னொன்று இலவசம். "ஒண்ணு பெரியக்காவுக்கு, இன்னொண்ண நீ கட்டிக்க. ஆளுக்கு ஆயிரம்தான் ஆவுது."

துணியைப் பிரித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண், "இன்னா விசேஷம்க்கா?" என்றாள்.

"கோடி எடுக்க வந்தோம்."

அவள் புடவையை மடித்துவிட்டாள். "கோடிக்கு ஜோடி எடுக்க மாட்டாங்கக்கா" என்றாள் மெல்ல.

அவள் சொன்னது சரி. கோடியோடு வந்த புடவையை எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் கட்ட மாட்டாள், சும்மா கொடுத்தாலும் தொட மாட்டாள். கட்ட முடியாத ஒன்று இலவசமாக வந்து என்ன பயன்? ஆயிரம் ரூபாய்த் துணிக்கு இரண்டாயிரம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

பலகை எதுவும் இல்லாத அலமாரியில் அக்காவுக்குப் பிடித்த கருநீலத்தில் ஒன்று இருந்தது. விலைச்சீட்டைச் சுரண்டவில்லை, குறைத்துக் கேட்கவும் இல்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கருமாதியன்று புடவையை அவள் தோளில் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடியிருந்த பெண்கள் முந்தானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் சொல்லாமல் விட்டார்கள். அக்கா குனிந்து கரையை விரலால் தடவினாள். பிறகு என் காதருகில் கேட்டாள்.

"எவ்ளோடி கொறச்சான்?"

"ஒண்ணும் கொறைக்கலக்கா. நான் கேக்கல."

"நீயா கேக்கல?" என்றாள்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் மடியில் விழுந்து அழ ஆரம்பித்தாள்.