நான் சொல்லாத இரண்டு டிகிரி

ஏற்காட்டில் முதலாளியின் படகுக்கு வி-டிரைவ் என்னும் கியர் பெட்டியைப் பொருத்தும் வேலை எனக்குக் கிடைக்கும் என்றிருந்தேன். சக மெக்கானிக் பஷீருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

பஷீர் வேலையை முடித்ததும், அவர் எதிரிலேயே அளந்து பார்த்தேன். இன்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தண்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருக்க வேண்டும். ஒரு முனையில் மூன்று டிகிரி, மறுமுனையில் ஒன்று. படகு அதிரும் என்று தெரிந்தே, பேசாமல் நகர்ந்தேன்.

மறுநாள் நடு ஏரியில் படகு உதறியது. "நாளையிலிருந்து வராதே" என்று முதலாளி பஷீரிடம் கத்தினார்.

பஷீர் என்னிடம் வந்தார். "நீங்க அளந்துட்டு ஒண்ணுஞ் சொல்லலீங்களா, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேனுங்கண்ணா."

முதலாளியிடம் ஒரு மணி நேர அவகாசம் கேட்டு வாங்கி, கோணத்தைச் சரிசெய்தேன். படகு அதிராமல் ஓடியது. பஷீரின் வேலையும் தப்பியது.

"நொம்ப நன்றிங்கண்ணா" என்றார். நான் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டேன். முந்தைய நாள் மௌனத்தைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றும் உறுத்துகிறது.