ஒரே தலை, இரண்டு பொட்டலம்

அந்த முடிவெட்டுபவரின் கடையைத் தெருக்காரர்கள் 'சந்தேகம் சலூன்' என்பார்கள். பிளேடு பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார்.

அவரும் ஒருமுறை ஏமாந்திருந்தார். டை கட்டிய ஒருவன் வந்து, குடிநீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினான். தண்ணீர் செங்கல் நிறமாக நுரைத்தது. "இதைத்தான் தினம் குடிக்கிறீங்க" என்றான். அவன் விற்ற வடிகட்டியை முதலில் வாங்கியவர் இவர்தான்.

அதனால் நூலகத்தில் 'ஞாயிறு அறிவியல் பேச்சு, அனுமதி இலவசம்' என்று தாள் ஒட்டியதும், இந்த முறை ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனார்.

பேசியவர் கல்லூரியில் வேதியியல் நடத்தும் பெண். கம்பி வித்தையை அவரும் செய்து காட்டினார். "தண்ணில அழுக்கு ஒண்ணும் இல்ல. கரையறது இந்த இரும்புக் கம்பிதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவருக்குக் காது சுட்டது.

"நீங்க எந்தக் கம்பெனி மேடம்?"

"கம்பெனி இல்லண்ணா, காலேஜ்."

"அப்புறம் எதுக்கு சும்மா வந்து சொல்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா துணி மடிக்கணும்."

பதில் இவ்வளவு தயாராக வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் முடியில் தெரியும் என்றார் அந்தப் பெண். விருப்பமுள்ளவர்கள் பிடரியிலிருந்து ஒரு சிட்டிகை முடி தரலாம். பெயர் வேண்டாம், எண் போதும். முடியை வைத்து என்ன வியாபாரமோ என்று யோசித்தவர், இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கினார். அன்று மாலை மனைவிக்கு முடி திருத்தும்போது பிடரியில் கொஞ்சம் எடுத்து இரண்டிலும் போட்டார். ஒரே தலை முடிக்கு அந்தப் பெண் வேறு வேறு அளவு சொன்னால் அங்கேயே மானத்தை வாங்கிவிடலாம்.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பெண் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க குடுத்த பொட்டலம், பதினொண்ணு, பதினாறு, ரெண்டும் அநேகமா ஒரே அளவு. ஒரே வீட்டு ஆளுங்களா?"

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வீணாயின. "ஒரே ஆளுதான். என் வீட்டுக்காரி."

"நல்ல சோதனைதான் வச்சிருக்கீங்க. ஆனா ரெண்டுலயும் ஆர்சனிக் ரொம்ப அதிகம். அவங்க எங்க தண்ணி குடிக்கறாங்க?"

மனைவிக்குச் சலவை நிலையத்தில் வேலை. அங்கே ஆழ்துளைக் கிணறு.

இப்போது பையிலிருந்து வடிகட்டி வரும் என்று காத்திருந்தார். வந்தது ஒரு துண்டுச் சீட்டு. நகராட்சிப் பரிசோதனைக்கூடத்தின் முகவரி. "முடியை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. கிணத்துத் தண்ணிய அங்க கொடுங்க. என்னை நம்ப வேணாம்."

நம்ப வேண்டாம் என்று சொன்னதால் சந்தேகம் கூடியது. அந்தப் பெண்ணும் நகராட்சிக் கூடத்துக்காரர்களும் கூட்டாளிகளாக இருந்தால்? பேருந்து ஏறிப் பக்கத்து ஊர்ப் பரிசோதனைக்கூடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தார். அனுமதித்த அளவைப் போல ஏழு மடங்கு என்று அறிக்கை வந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டு, சோப்பினால் வந்தவை என்று விட்டிருந்த தன் உள்ளங்கைத் தடிப்புகளைப் பார்த்தாள்.

"என்னைக் கேக்காமலா என் முடியை எடுத்தீங்க?"

"சொன்னா நீ..."

"ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படுறீங்க. உங்களைச் சந்தேகப்படணும்னு இத்தனை வருஷம் எனக்குத் தோணவே இல்ல."

மூன்றாம் நாள் அறிக்கையை முதலாளியின் மேசையில் அவளே வைத்தாள். குடிக்க நகராட்சிக் குழாய் வந்தது. கூட வேலை செய்யும் ஆறு பேரோடு மருத்துவரிடம் போனாள். உடம்பில் உள்ள ஆர்சனிக் மெல்லக் குறையும், அதனால் வந்த தடிப்புகள் போகுமா என்று சொல்ல முடியாது என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு அவளும் நூலகத்துக்கு வந்தாள். கணவர் பக்கத்தில் உட்காராமல் முன்வரிசைக்குப் போனாள்.

"மிச்ச முடி எங்க மேடம் இருக்கு?"

"லேப்ல, கவர்ல."

"யாரோடதுன்னு கேட்டு வாங்கினீங்களா?"

"இல்லம்மா. கையெழுத்து வாங்கியிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றார் அந்தப் பெண்.

"சரி, வச்சுக்கங்க. இப்ப நான் குடுக்கறேன்" என்று சொல்லி, அவள் பேனா கேட்டாள்.