செண்டுடுக் பூத்த கொல்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடமாக யோசித்தே காலத்தைக் கழித்துவிட்டேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதினால் பிழை வருமே என்ற பயம் ஒன்று, சாமி காரியத்தில் வாயை வைக்கலாமா என்ற பயம் இன்னொன்று. ஆனால் போன வாரம், இந்த வெயிலில், வீட்டு ஓரத்துச் செடியில் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். மணலைக் கடிப்பது போன்ற விதை, லேசான இனிப்பு, நாக்கெல்லாம் கருநீலம். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்ததும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் செடிக்கு மலாய் மொழியில் செண்டுடுக் என்று பெயர். பிள்ளைகள் நாங்கள் "நாக்குப் பழம்" என்போம். ஊதாப் பூ பூக்கும். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, சரளை மண்ணிலும் நிற்கும். ஆனால் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டத்துக்கு அது களை. கோல சிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், அதை மருந்தடித்துக் கொல்வதுதான் என் அம்மாவின் வேலை.

அதற்கு முன்னால் அம்மா "பூ ஊதுற" வேலையில் இருந்தார். செம்பனையின் ஆண் பூவிலிருந்து தூளை எடுத்து, பெண் பூவின் மேல் குழாயால் ஊதிவிட வேண்டும். அப்போதுதான் குலை நிறையும். பிறகு எங்கிருந்தோ ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மனிதரைவிட நன்றாகவே அந்த வேலையைச் செய்தது. ஊதிக்கொண்டிருந்த பெண்களின் முதுகில் மருந்துப் பம்பை மாட்டிவிட்டார்கள்.

என் தம்பிக்கு அப்போது கடுமையான இழுப்பு. அவன் மூச்சு விடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தைப்பூசம் முடிந்த சமயம், அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார்: "எம்புள்ள மூச்ச சீராக்கு தாயே. எங்கொல்லையில காச்ச பூசணிய, ஆடித் திருவிழாவுல ஒந்தேருக்கு முன்னால ஒடைக்கிறேன்." கடையில் வாங்கியது ஆகாது. சொந்தக் கொல்லையில் காய்த்ததாக இருக்க வேண்டும். அப்படித்தான் எங்கள் தோட்டத்து வழக்கம்.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பூசணி விதை போட்டார். கொடி படர்ந்தது, பூத்தது. ஆனால் பிஞ்சுகள் விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துகொண்டே இருந்தன. அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, களைத்த குரலில் சொன்னார், "வண்டு வரல. பூவுன்னு கண்ணுல பட்டத எல்லாம் நாந்தானே அடிச்சுக் கொன்னேன். பூவே இல்லாத காட்டுக்கு அதுங்க எதுக்கு வரும்?"

அப்பா குலை வெட்டுகிறவர், கிண்டல்காரர். "நீ ஊதாத பூவா? ஒரு ஊது ஊதிவிட்டா ஆச்சு" என்றார்.

"நான் ஊதிக் காச்சா அது என் காய். அவ குடுத்துக் காச்சாத்தான் அவளுக்குக் குடுக்க முடியும்."

மறுநாளிலிருந்து அம்மா வேலை விட்டு வரும்போது, காட்டு ஓரத்தில் மொட்டு விட்ட செண்டுடுக் செடிகளை மண்ணோடு பெயர்த்து, உரச்சாக்கில் கட்டித் தோளில் தூக்கி வந்தார். ஏற்கெனவே பம்ப் அழுத்திக் காய்த்துப் போன தோள் அது. கூடவே காட்டு இட்லிப்பூவும், பேர் தெரியாத ஒரு மஞ்சள் பூச்செடியும். எல்லாவற்றையும் பூசணிக் கொடியைச் சுற்றி நட்டார். "செண்டுடுக்க கொல்றதுக்குச் சம்பளம், வளக்குறதுக்கு நேர்த்திக்கடனா?" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

அந்த வருடம் சித்திரை தாண்டியும் மழை இல்லை. குழாய் வறண்டு, தண்ணி லோரி வந்தால்தான் வாளி நிறையும். வீட்டுக்கு அளந்துதான் ஊற்றுவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் பூசணிக்குப் போனது. செண்டுடுக் ஒன்றும் கேட்காமல் நின்று பூக்கத் தொடங்கியது. அப்போதுதான் அம்மாவை வேலை வாங்கும் மண்டோர் வந்தார்.

"என்னா தங்கச்சி, கொல்லைய காடாக்கி வச்சிருக்க? ஆபீஸ் கிராணி கண்ணுல பட்டா எனக்குத்தான் ஏச்சு. நாளைக்கு நான் வர்றேன், எம்முன்னாலயே அடிச்சிரு."

மறுநாள் அம்மா பம்பைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதில் ஊற்றினார். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். மண்டோர் வந்து நின்றார். அம்மா வரிசையாக அடித்துக்கொண்டே போனார்.

மண்டோர் மூக்கை உறிஞ்சினார். "ஏன் தங்கச்சி, இன்னைக்கி மருந்துல வாசத்தையே காணோம்?"

"ஒங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும் மண்டோரே."

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் மூச்சுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனாலும் முதலில் அடித்த வரிசை இரண்டொரு நாளில் கருகிப்போனது. எத்தனை கழுவினாலும் பம்பில் ஊறிய விஷம் போய்விடுமா? கடைசி வரிசை மட்டும் பிழைத்தது. அந்த வரிசைக்குத்தான் கருவண்டு வந்தது, பிறகு சின்னத் தேனீக்கள் வந்தன. செண்டுடுக் பூவில் கருவண்டு உட்கார்ந்தால் ரீங்காரம் பலமாகக் கேட்கும். அம்மா பம்பை இறக்கி வைக்காமலே நின்று கேட்டார்.

ஒரே ஒரு பூசணி காய்த்தது. ஒரு பக்கம் சப்பை. ஆடியில் அதைத் தேருக்கு முன்னால் உடைத்தார்.

இன்று அந்தத் தோட்டம் இல்லை, லயம் இல்லை. கொல்லை இருந்த இடத்தில் வீடமைப்புக் குடியிருப்பு வந்துவிட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் புஞ்சாக் ஆலாமில் மகன் வீட்டில் இருக்கிறேன். தண்ணீர் அடிக்கடி நின்றுபோகிற இந்த வெயிலில், வேலி ஓரத்தில் செண்டுடுக் நட்டு வைத்திருக்கிறேன். புல் வெட்ட வருகிறவர்கள் களை என்று சீவிவிட்டுப் போகிறார்கள்; மறுபடி நடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. இன்னும் எத்தனை தடவை முடியுமோ, அம்மனுக்குத்தான் தெரியும்.

தம்பி லோரி ஓட்டுகிறான். மூச்சு முழுதாகச் சீராகவில்லை, சட்டைப் பையில் மருந்து இருக்கிறது, ஆனால் இருக்கிறான். கல்யாண வீடுகளில் இந்தக் கதையை அவன்தான் சொல்கிறான்: "அம்மனே கருவண்டா வந்தா, பூசணி காச்சிச்சு." கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவன் கதையில் உரச்சாக்கு இல்லை, கருகின வரிசை இல்லை, நாங்கள் தாகத்தோடு படுத்ததும் இல்லை. அம்மன் கொடுத்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் என் அம்மா சுமந்து வந்து நட்ட பிறகுதான் கொடுத்தாள்.

படித்த நீங்கள் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் விட்டுவிடவும் வேண்டாம். கருவண்டு கருவண்டாகவே இருக்கட்டும். பூசணி சப்பையாகவே இருக்கட்டும்.