இருநூற்று இருபத்தெட்டு முறை செத்தவர்

வெர்லின் குசேரா இருநூற்று இருபத்தெட்டு முறை செத்தவர். எங்கள் மாநிலத்தில் அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து மாநிலத்தில் இருந்தால் சொல்லுங்கள், பந்தயம் கட்டுகிறேன்.

எங்கள் ஊரில் சோளம் இருக்கிறது, காற்று இருக்கிறது, ஜெயில் இருக்கிறது. சோளத்தில் தோற்றவன் ஜெயிலுக்கு வந்துவிடுவான். கைதியாக இல்லை, வார்டராக. வெர்லினும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் அப்போதே முன்னூறு பவுண்டு. அவர் பக்கத்தில் நின்றால் வேலியே தேவையில்லை.

அந்தக் காலத்தில் மரண தண்டனை சட்டத்தில் இருந்தது, நடப்பில் இல்லை. கடைசியாக ஒருவனுக்கு விஷ ஊசி போட்டபோது எங்களில் பாதிப் பேர் தொட்டிலில் கிடந்தோம். ஆனாலும் மாதம் ஒரு ஒத்திகை நடத்தியே ஆக வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. எங்கள் கேப்டன் ராய்ஸ் அந்தப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிற ஆள். பெண்டாட்டியைக் கட்டிப்பிடிப்பதற்குக்கூட அதில் பக்கம் தேடுவார் என்று சொல்வோம்.

முதல் ஒத்திகை அன்று கேப்டன் கேட்டார்: “கைதி மாதிரி படுக்க ஒரு ஆள் வேணும். யாருப்பா?”

எல்லோரும் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்தோம். வெர்லின் மட்டும் டோனட்டில் ஜாம் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரும்போது கேப்டன் கண்ணும் அவர் கண்ணும் மோதிவிட்டன. அவ்வளவுதான், பத்தொன்பது வருஷத்துக்கு வேலை உறுதியாகிவிட்டது.

ஊசி போடும் படுக்கையில் ஆளைக் கட்ட ஐந்து தோல்வார். ஒரு வாருக்கு ஒரு ஆள். நான் வலது கை. டெல்மார் என்று ஒருவன், பாதி நாள் வார்டர், பாதி நாள் விவசாயி, அவன் இடது கால். ஒருவன் வாரை இன்னொருவன் விரலால்கூடத் தொடக்கூடாது என்று விதி. ‘நான்தான் கொன்றேன்’ என்று பின்னால் யாரும் அழக்கூடாதாம். நான் கையைக் கட்டினேன், அவன் காலைக் கட்டினான், நடுவில் இருந்தவன் தானாகச் செத்துப்போனான் என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

கடைசிச் சாப்பாடும் ஒத்திகையில் உண்டு. வறுத்த கோழி, உருளைக்கிழங்கு மசியல், செர்ரி பை. வெர்லின் ஒவ்வொரு மாதமும் சாகும்போது அரை பவுண்டு கூடியிருப்பார். அப்புறம் கடைசி வார்த்தை, இரண்டு நிமிஷம். கேப்டன் கையில் கடிகாரத்தோடு நின்று அதைக் கோப்பில் எழுதிக்கொள்வார். ஒருமுறை வெர்லின் சொன்னது: “என் துளைபோடுற மிஷினை வாங்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சு, டெல்மார். நான் செத்ததுக்கு அப்புறமாவது திருப்பிக் குடுடா.” இதெல்லாம் அரசாங்கக் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

சுவரில் ஒரு போன். கவர்னர் கடைசி நிமிஷத்தில் மன்னித்தால் அதில்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வருஷத்தில் அது ஒரே ஒரு முறை அடித்தது. கேப்டன் விறைத்து நின்று எடுத்தார். வெர்லினின் பெண்டாட்டி ஆர்லிஸ்.

“அவரு செத்துட்டாரா, இன்னும் இருக்காரா?”

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கும்மா.”

“வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

வெர்லினுக்கு இதில் ஒரு லாபம் இருந்தது. சாகிறவன் சாகும்வரை நல்ல ஆரோக்கியத்தோடு இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி. அதை வைத்துக் கேப்டன் அவருக்குச் சலவைக்கூட வாசலில் காவல் கொடுத்திருந்தார். வெந்நீர்க் குழாய் ஓடும் இடம். தை மாதக் குளிரிலும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காரலாம். அவர் முழங்கால் இரண்டும் எப்போதோ தேய்ந்து போனவை. நடந்தால் பழைய கதவு இரண்டு ஒன்றாகத் திறக்கிற சத்தம் வரும்.

அப்புறம் சட்டசபை ஒருநாள் மரண தண்டனையை எடுத்துவிட்டது. தண்டனை போனது, ஒத்திகை போனது, வெர்லினின் சலவைக்கூடமும் போனது. அவரை வடமூலைக் காவல் கோபுரத்தில் போட்டார்கள். இரும்புப் படி அறுபத்திரண்டு. அவர் காலை ஷிப்டுக்கு ஏற ஆரம்பித்தால் சில நாள் மேலே போய்ச் சேரும்போது மாலை ஷிப்டு வந்துவிடும். மேலே குளிர் எப்படி என்றால், தும்மினால் அது தரையில் விழுந்து உடையும்.

ஒரு வருஷம் கழித்து ஆட்கள் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள்: மரண தண்டனை திரும்ப வேண்டுமா, வேண்டாமா, ஜனங்களே ஓட்டுப் போடட்டும் என்று. நவம்பரில் ஓட்டு. எங்கள் வட்டாரத்தில் கையெழுத்து வாங்கியது மார்விஸ் ஓல்ட்மன்ஸ். விதைக்கடை வைத்திருக்கும் பெண்மணி. அவள் தங்கை பெண்ணை ஒருவன் கொன்றுவிட்டான். அவன் எங்கள் ஜெயிலில்தான் இருக்கிறான், மூன்று வேளையும் சாப்பிடுகிறான். அவள் பேச வந்தால் எங்களில் யாரும் கிண்டல் பண்ணுவதில்லை.

முதல் கையெழுத்தே வெர்லினுடையது. வீட்டு வாசலில் ‘திரும்ப வேண்டும்’ என்று பலகையும் நட்டுவிட்டார்.

“நீ ஒரு எலியைக்கூட அடிக்க மாட்டியே, வெர்லின். இது எதுக்கு?” என்றாள் ஆர்லிஸ்.

“முழங்காலுக்கு.”

“அதுக்குத் தைலம் இருக்கு.”

“தைலத்துக்குக் கோழி வறுத்துக் குடுப்பாங்களா? ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் கிடக்குடி. நாலு குளிர்காலம். அந்தப் படியில என்னால முடியாது.”

ஓட்டுக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், பழைய ராணுவக்காரர்கள் மன்றத்தில் கூட்டம் என்று அறிவித்தார்கள். மிளகாய்ச் சூப்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் உண்டு. அதனால் ஊரே வரும். வெர்லினைப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தப் படுக்கையில் படுத்து எழுந்து வந்தவன் ஊரில் அவர் ஒருவர்தானே!

அன்று காலையில் கேப்டனுக்கு ஒரு யோசனை வந்தது. “ஓட்டுல எப்படியும் நாமதான் ஜெயிக்கப்போறோம். கை பழக்கம் விட்டுப்போச்சு. இன்னிக்கி ஒரு தடவை செஞ்சு பாத்துருவோம்.”

“சட்டமே இல்லையே சார்?” என்றேன்.

“இது ஒத்திகை இல்லப்பா. ஒத்திகைக்கு ஒத்திகை.”

வெர்லினுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். போய்ப் படுத்தார். கட்டினோம். டெல்மார் இடது கால் வாரை இழுத்துப் பூட்டிய நிமிஷம் அவனைத் தேடி வீட்டிலிருந்து ஆள் வந்தது: மேற்கே மேகம் கட்டுகிறது, நாற்பது ஏக்கர் சோளம் அறுக்காமல் நிற்கிறது, தம்பி கத்துகிறான். டெல்மார் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான்.

நாங்கள் மிச்சத்தைச் செய்து முடித்தோம். வெர்லின் செத்தார், கணக்கில் சேராத சாவு. கேப்டன் “அவுத்துவிடுங்க” என்றார். வலது கை, இடது கை, நெஞ்சு, வலது கால், எல்லாம் அவிழ்ந்தது. இடது கால் அப்படியே இருந்தது.

“நான் அவுத்துடறேன் சார்.”

“நீ வலது கை.”

“அதனால என்ன சார்?”

“வலது கைக்கு இடது கால்ல என்னப்பா வேலை?” புத்தகத்தைப் புரட்டினார். கட்டியவரே அவிழ்க்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். அவர்கள் ஒரு படிவம் பூர்த்தி செய்து அனுப்பச் சொன்னார்கள். வாரை வெட்டலாம் என்றால் அது அரசாங்கச் சொத்து. வெர்லினே குனிந்து அவிழ்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவருக்கும் அவர் காலுக்கும் நடுவில் அவர் வயிறு இருந்தது. பல வருஷமாக அவர்கள் சந்தித்துக்கொண்டதே இல்லை.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. அன்றைக்குக் கொத்துக்கறி ரொட்டி. கேப்டன் படிவத்தைத் தேடிப் போனார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நானும் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று நான் நினைத்தேன். எல்லோருமே அதைத்தான் நினைத்தார்கள்.

மூன்று மணி நேரம் நாற்பது நிமிஷம் அவர் அப்படியே கிடந்தார். முதலில் வெர்லின் தேவாலயப் பாட்டுப் பாடினாராம். அப்புறம் கத்தினாராம். வராந்தாவில் போன ஒருவன் ‘பிரமாதமா நடிக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டே போனானாம். நடுவில் கவர்னர் போன் அடித்தது. நீட்டிய கைக்கு இன்னும் இரண்டு அடி தூரம். பதினொரு முறை அடித்து ஓய்ந்தது. ஆர்லிஸ்தான், கூட்டத்துக்கு எந்தச் சட்டையை இஸ்திரி போடுவது என்று கேட்க.

டெல்மார் தலை முழுக்கச் சோளத் தூசியோடு வந்து அவிழ்த்துவிட்டான். வெர்லின் அவனைத் திட்டவில்லை. எங்கள் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் மன்றத்தில் முன்னூறு பேர். சூப்பு வாசனை. வெர்லின் நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார்.

“எனக்கு நல்லாப் பேச வராது. இன்னிக்கி நடந்ததைச் சொல்லிட்டு எறங்கிடறேன்,” என்று ஆரம்பித்து, டெல்மாரின் சோளத்திலிருந்து கொத்துக்கறி ரொட்டி வரை எல்லாவற்றையும் சொன்னார். ஊர் சிரித்ததில் கூரைத் தகரம் ஆடியது. கேப்டன் காது சிவந்து தக்காளியாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் வெர்லின் சொன்னார்: “தப்பு செஞ்சது யாருன்னு மூணு மணி நேரம் யோசிச்சேன். ஒருத்தரும் இல்ல. எல்லாரும் புஸ்தகப்படிதான் செஞ்சாங்க. என்னை இவங்களுக்குப் பிடிக்கும். நான் ஒரு தப்பும் பண்ணலேன்னும் தெரியும். அப்படியும் விட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. பிடிக்காத ஒருத்தன் படுத்திருந்தா என்ன ஆகுமோ, எனக்குத் தெரியல. என் ஓட்டு ‘வேண்டாம்’.”

மார்விஸ் எழுந்தாள். “வெர்லின், உன் காலு மரத்துப்போச்சு, வருத்தமாத்தான் இருக்கு. எங்க புள்ளைக்கு மொத்தமும் போயிடுச்சே. அதுக்கு என்ன சொல்றே?”



“அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, மார்விஸ்,” என்றார் வெர்லின். “இருந்தா உன்கிட்டதான் மொதல்ல வந்து சொல்லியிருப்பேன்.” அப்படியே இறங்கி வந்து உட்கார்ந்தார். அவள்தான் அவருக்குச் சூப்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊர் அவருக்கு எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த செவ்வாய்க்கிழமை போய் நாலுக்கு மூணு பேர் ‘வேண்டும்’ என்று குத்திவிட்டு வந்தார்கள். நானும் அதைத்தான் குத்தினேன். மார்விஸ் முகம் கண்ணில் நின்றது.

டிசம்பரில் கேப்டன் புதுப் புத்தகத்தோடு வந்தார். “வெர்லின், சலவைக்கூடம் காலியாத்தான் இருக்கு. வா, படு.”

“நான் படுக்கலைங்க சார்.”

“கோழி உண்டுய்யா.”

வெர்லின் கொஞ்சம் யோசித்தார். அது நிஜமான யோசனை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். “வேண்டாம் சார்.”

“அப்போ கோபுரம்தான். நாலு குளிர்காலம்.”

“சரிங்க சார்,” என்று தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேப்டன் எங்கள் பக்கம் திரும்பினார். ஒருவனுக்கு இடுப்பு வலி. ஒருவன் பெண்டாட்டிக்குச் சத்தியம் பண்ணியிருந்தான். டெல்மாருக்குப் படுத்தால் மூச்சு முட்டுமாம். இத்தனை வருஷமாக நின்றுகொண்டேதான் தூங்குகிறான் போலிருக்கிறது. “நீங்களே படுங்களேன் சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “நான் கடிகாரம் பாக்கணும்ல!” என்றார் கேப்டன்.

கடைசியில் ஆறு மூட்டை மாட்டுத் தீவனத்தைப் படுக்க வைத்தார்கள். அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை, கடைசி வார்த்தையும் இல்லை. தலைமை அலுவலகம் ஏற்கவில்லை. இப்போதும் மாதா மாதம் கேப்டன் ‘படுக்க ஆள் இல்லை’ என்று எழுதி அனுப்புகிறார்.

போன வாரம் பனிக்காற்றில் நான் ஒரு பிளாஸ்க் காபியோடு கோபுரத்துக்கு ஏறினேன். வெர்லின் மூன்று கோட்டு போட்டுக்கொண்டு உறைந்த கரடி மாதிரி உட்கார்ந்திருந்தார். மீசையில் ஐஸ் தொங்கியது.

“ஏன்யா இந்தப் பிடிவாதம்? மாசம் ஒரு மணி நேரம் சும்மா படுக்கறதுதானே? ஊரே கேட்டு வாங்கின சட்டம்யா அது.”

அவர் காபியை ஊதி ஊதிக் குடித்தார். “நீயும் கேட்டவன்தானே?”

“ஆமா.”

“அப்போ நீ படு. சும்மா ஒரு மணி நேரம். நான் வந்து வலது கையைக் கட்டறேன்.”

வீட்டில் நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிளாஸ்கைக்கூட வாங்காமல் இறங்கிவிட்டேன்.